ஆட்டுத் தலை தந்த பாடம்

பிறந்த மகவின் வலச் செவியில் பாங்கு சொல்லி வரவேற்பது நம் இல்லங்களின் வழக்கம். தாயின் முகத்தைக் கண்கள் தெளிவாகக் காணுமுன்பே செவி தன் பணியைத் தொடங்கிவிடுகிறது. இறைவனின் அருட்கொடைகளை எண்ணிக் காட்டும் திருமறை, பல இடங்களில் பார்வைக்கு முன்னே கேள்வியைத்தான் வைத்துப் பேசுகிறது. வள்ளுவரும் 'கேள்வி'க்கென்று தனி அதிகாரம் வகுத்தார். எங்கள் நாஞ்சில் நாட்டாருக்கோ செவியின் பெருமைக்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இடலாக்குடி தந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், 1907-ஆம் ஆண்டு சென்னையில் நூறு செயல்களை ஒரே வேளையில் கவனத்திற் கொண்டு அவையோரை வியப்பில் ஆழ்த்தினார். கேட்பதைக் கேட்டவாறே உள்ளத்தில் நிறுத்தும் செவியின்றி அவதானம் ஏது?

இத்துணைப் பெருமை வாய்ந்த உறுப்பின் உட்பகுதியோ மிக மிகச் சிறியது. செவிப்பறைக்குப் பின்னே சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் வடிவங்களில் மூன்று எலும்புகள் சங்கிலியாய்க் கோத்திருக்கின்றன. அங்கவடி எலும்பின் உயரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். எடை 3 மில்லிகிராம் அளவே. உடலின் எலும்புகளுள் இதுவே மிகச் சிறியது. இதற்கு மிக அருகில், மெல்லிய எலும்புக் குழாயினுள், முகத்தை அசைக்கும் நரம்பு செல்கிறது. நாம் சிரிப்பதும் இமை மூடுவதும் அந்த நரம்பின் தயவால்தான். செவியில் அறுவை செய்பவரின் கை ஒரு மயிரிழை பிசகினால் நோயாளியின் சிரிப்புப் போய்விடும்.

இதை நான் நூலில் படித்து அறியவில்லை. வாப்பாவின் தங்கையான என் மாமியின் முகத்தில் கண்டேன். இளமை முதலே அவர்களுக்குக் காதில் சீழ் வடியும். எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள், ஓதிப் பார்த்தார்கள், இறுதியில் ஒரு மருத்துவமனையில் அறுவை செய்தார்கள். சீழ் நின்றது, ஆனால் முகத்தின் ஒரு பாதி தளர்ந்து வாய் கோணிவிட்டது. நோயே நரம்பை அரித்திருந்ததா, கருவி பட்டதா என்பதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. கருவி பிடித்தவர் பயிற்சியிலிருந்த இளைஞர் என்பது மட்டும் பின்னர்த் தெரிய வந்தது. தேநீர் அருந்துகையில் கடைவாயில் வழியும் என்பதற்காகவே மாமி கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திக் கொண்டார்கள். முக்காட்டை இழுத்து முகத்தின் அப்பாதியை மறைத்தபடி வாழ்ந்து மறைந்தார்கள். நாங்கள் கொதித்தபோதெல்லாம் அவர்கள் சொன்னது ஒன்றுதான்: "அந்தப் பிள்ளையும் எங்கேயாவது படிக்கத்தானே வேணும், மோனே!"

எங்கேயாவது படிக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கே? இவ்வினா பல்லாண்டுகள் என்னுள் உறுத்திக் கொண்டிருந்தது. விடையைக் காட்டியவள் என் தங்கையின் மகள். காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தில் மேற்படிப்புப் படிப்பவள். விடுமுறையில் வந்தவள் ஒருநாள், "மாமா, தக்கலைச் சந்தைக்குப் போவோம்" என்று அழைத்தாள். கசாப்புக் கடையில் நின்று, "காக்கா, தலையைத் தீயில வாட்டாமத் தரணும். காதுப் பக்கம் கத்தி படக்கூடாது" என்றாள்.

"தலைக்கறி வைக்கவா, மோளே?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்ல காக்கா, படிக்கதுக்கு."

அவர் சற்றுத் திகைத்தார். பிறகு நாவையும் மூளையையும் எடுத்துத் தனியே கட்டிக் கொடுத்துவிட்டு, தலையை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்தார். பாதிக்கொன்றாக இரு செவிகளும் பழுதின்றிக் கிடைத்தன.

ஆட்டின் செவியில் பயில்வது உலகெங்கும் மருத்துவர் கைக்கொள்ளும் முறை என்று அவள் விளக்கினாள். செம்மறியின் நடுச்செவி மனிதச் செவியினும் சற்றுச் சிறியது. எனினும் அதே செவிப்பறை, அதே மூன்று எலும்புகள், அதே வரிசை. செவிப்பறையில் ஓட்டை விழுந்தால் நோயாளியின் பொட்டுப் பகுதித் தசையின் மேலுறையை எடுத்து ஒட்டுவார்கள். அந்த ஒட்டும் கலையை ஆட்டின் செவியில் பழகலாம். இறுகிப்போன அங்கவடியை நீக்கி, அதன் இடத்தில் சிறு செயற்கைத் தண்டைப் பொருத்தும் நுட்பத்தையும் பழகலாம். சிறிய செவியில் பழகிய கைக்குப் பெரிய செவி எளிதாகும். எல்லாம் ஒன்றே என்பதற்கில்லை. நம் காதுக்குப் பின்னே தேன்கூடு போன்ற அறைகளைக் கொண்ட எலும்பு இருக்கிறதே, அது ஆட்டுக்கு அவ்வாறு அமையவில்லை. அந்த எலும்பைக் குடையும் வேலையை இறந்தோர் கொடையாக விட்டுச் சென்ற உடல்களிலேதான் செம்மையாகக் கற்க முடியும். அத்தகைய உடல்களோ தேவைக்கு மிகக் குறைவு.

பயிற்சி ஒருபுறமிருக்க, செவியைப் பற்றிய அறிவே பிராணிகளிடமிருந்து நாம் பெற்ற கடன்தான். ஒலி உட்செவியில் அலையாய் ஓடும் விதத்தை ஆராய்ந்து 1961-இல் நோபல் பரிசு பெற்ற பெக்கேசி, கோழி முதல் யானை வரை பல உயிர்களின் செவிகளை ஆராய்ந்தவர். ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க், காது மந்தமான தந்தையின் துயரைப் பார்த்து வளர்ந்தவர். 1960-களின் பிற்பகுதியில் பூனைகளின் செவிநரம்பில் மின்துடிப்புகளைச் செலுத்தி ஆராயத் தொடங்கினார். நத்தை ஓடு போல் சுருண்ட உட்செவிக்குள் மின்கம்பியை எப்படி நுழைப்பது என்று திகைத்தவர், கடற்கரையில் கிடைத்த சங்கு ஒன்றினுள் புல்லை நுழைத்துப் பார்த்து வழி கண்டார். 1978-இல் மெல்போர்னில் செவியிழந்த ஒருவருக்கு அவர் பொருத்திய கருவியின் வழித்தோன்றல்களைத்தான் இன்று தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தின் வாயிலாக ஏழைக் குழந்தைகளும் பெறுகின்றனர்.

அந்தப் பூனைகளை எண்ணும்போது மனம் கலங்காமல் இல்லை. பூனையொன்றைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டு மாளவிட்ட பெண்ணுக்கு நேர்ந்த கதியை நபிகள் நாயகம் (ஸல்) எடுத்துரைத்ததை நாம் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள். பிராணிகள் நம் தேவைக்குப் பயன்படலாம். நம் விளையாட்டுக்கும் அசட்டைக்கும் பலியாகலாகாது என்பதே அதன் சாரம். நம் நாட்டுச் சட்டமும் இதே எல்லையை வகுக்கிறது. கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சி, 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிகோலியது. வெறும் கைப்பழக்கத்துக்காக மட்டும் பிராணிகளைச் சோதனைக்கு உட்படுத்துவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது.

புதிய அறிவைத் தேடும் ஆராய்ச்சிக்கு உயிருள்ள பிராணி தேவைப்படும் இடங்கள் உண்டு. அங்கும் நோவு தராத முறையும் கண்காணிப்பும் வேண்டும். கைப்பழக்கமோ வேறு. அதற்காக ஓர் உயிரையும் போக்க வேண்டியதில்லை. உணவுக்காக முறைப்படி அறுக்கப்பட்ட ஆட்டின் தலையில், நாம் தின்னாமல் எறியும் எலும்புக்குள்ளேயே அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிறது. கணிப்பொறிப் பயிற்சியும் அச்சிட்டெடுத்த செயற்கை எலும்புகளும் இன்று வந்துவிட்டன. எனினும் அவை விலை மிக்கவை. ஆட்டுத் தலை எளிய கல்லூரிக்கும் எட்டும்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று நம் ஊர்களில் எத்தனை குர்பானிகள்! தோலை மதரஸாக்களுக்கு அளிக்கிறோம், இறைச்சியைப் பங்கிடுகிறோம். காதோடு கூடிய எலும்பு குப்பைக்குப் போகிறது. அதை மருத்துவ மாணவர்க்குக் கொடையாக அளிப்பது பற்றி உலமாப் பெருமக்கள் வழிகாட்டினால், ஊர் ஜமாஅத்துகள் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரிகளோடு பேசி ஆவன செய்யலாம். எங்கள் மாவட்டத்திலேயே ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அன்று மாலை தங்கை மகள் நுண்ணோக்கியின் கீழ் எனக்கு அந்த அங்கவடியைக் காட்டினாள். ஊசிமுனையால் அவள் தொட்டபோது அது அசைந்தது. நான்கு தலைகளில் அதை உடைத்துவிட்டதாகவும், ஐந்தாவதில்தான் முழுதாக எடுத்ததாகவும் சொன்னாள். அந்த நான்கு பிழைகளும் ஆட்டெலும்போடு போயின. எவருடைய முகத்திலும் எழுதப்படவில்லை.