பிரெஞ்சு ஒயினில் முதலீடு செய்யலாமா? கல்வராயன் மலை சொல்லும் பதில்!

தங்கம், நிலம், மியூச்சுவல் ஃபண்ட் என்று நீளும் முதலீட்டு வரிசையில் இப்போது புதிதாக ஒன்று நம் மொபைல் திரையில் எட்டிப் பார்க்கிறது: பிரெஞ்சு சிவப்பு ஒயின். இதைக் குடிக்கச் சொல்லவில்லை. வாங்கி, பத்து இருபது வருடம் பத்திரமாக வைத்து, விலை ஏறியதும் விற்கச் சொல்கிறார்கள்.

இதற்காகக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் ஒரு பயணம் அமைந்தது. மது என்றதும் 2024-க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு முதலில் நினைவுக்கு வரும் ஊர் அது. ஓர் இடத்தில் மது சொத்தாக வளர்கிறது. இன்னோர் இடத்தில் குடும்பத்தையே அழிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அப்படி என்னதான் இருக்கிறது? பயணம் முழுக்க இந்தக் கேள்வி கூடவே வந்தது.

துவர்ப்பு விளையும் மலை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை கரும்பும் மரவள்ளியும் சாலையின் இருபுறமும் கூடவே வருகின்றன. கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. வளைவுக்கு வளைவு காற்று குளிர்கிறது. கரியாலூரில் படகுக் குழாம், மழைக்காலம் முடிந்து வந்தால் மேகம் அருவி, பெரியார் அருவி, இன்னும் உள்ளே போனால் வெள்ளிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை, அந்த ஆண்டுதான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் இங்கே தாமதமாக வந்ததற்குப் பின்னால் அந்தக் கதையும் இருக்கிறது.

சாமை, புளி, தேன், பலா ஆகியவற்றோடு இந்த மலைக்குப் பேர் வாங்கித் தந்த இன்னொன்று கடுக்காய். ஒரு துண்டை வாயில் போட்டால் நாக்கு அப்படியே இழுத்துக்கொள்ளும். அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்ற பொருள். தோல் பதனிடவும், கலம்காரித் துணியில் சாயம் பிடிக்கவும், நம் பாட்டி வைத்தியத்துக்கும் கடுக்காய் வேண்டியிருப்பது அதனால்தான்.

ஆச்சர்யம் என்னவென்றால், பிரெஞ்சு சிவப்பு ஒயின் பல பத்தாண்டுகள் கெடாமல் இருப்பதற்கும் முக்கியக் காரணம் அதே டானின்தான். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும், ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் ஒயினுக்குள் இறங்குகிறது. புதிதாக இருக்கும்போது நாக்கைப் பிடிக்கும் ஒயின், வருடங்கள் போகப் போக மென்மையாகிறது. விலையும் கூடவே ஏறுகிறது.

கடுக்காய் மூட்டை மலையிலிருந்து இறங்கியதும் எந்த மரத்துக் காய், யார் பறித்தது என்பதெல்லாம் மறைந்துபோகிறது. அங்கே ஒயினுக்கு நடப்பது இதற்கு நேர் எதிர்.

பாட்டிலுக்கு ஜாதகம்

1855-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், போர்தோ பகுதி ஒயின்களைத் தரவாரியாகப் பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியலில் இன்றுவரை நடந்த பெரிய மாற்றம் ஒன்றே ஒன்றுதான். 1973-ல் மூத்தோன் ரோத்ஷில்ட் இரண்டாம் வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு ஏறியது. லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகியவை முதலிலிருந்தே அங்கே இருப்பவை. 1930-களில் பிரான்ஸ் இதைச் சட்டமாகவும் இறுக்கியது. எந்த ஊர் எல்லைக்குள், என்ன வகைத் திராட்சையில் செய்தால் அந்த ஊரின் பெயரைப் போடலாம் என்பதற்கு விதி வந்தது.

முதலீடு என்ற பெயரில் நடப்பது இதுதான். அறுவடைக்கு அடுத்த வசந்த காலத்தில், ஒயின் இன்னும் பீப்பாயில் இருக்கும்போதே பணம் கட்டி முன்பதிவு செய்கிறார்கள். பாட்டில் கைக்கு வர மேலும் ஒன்றிரண்டு வருடம் ஆகும். வந்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. சுமார் 12, 13 டிகிரி குளிரில், சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கில் மரப்பெட்டியைத் திறக்காமலே வைக்கிறார்கள். உலகில் யாரோ ஒருவர் அதே ஆண்டின் பாட்டிலைத் திறந்து குடிக்கும்போதெல்லாம் மிச்சமிருப்பவற்றின் எண்ணிக்கை குறைகிறது. 1945-ம் ஆண்டு ரோமானே-கோன்டி ஒயின் வெறும் 600 பாட்டில்தான் தயாரானது. அதில் ஒன்று 2018-ல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்கு விலைபோனது. அன்றைய மதிப்பில் 4 கோடி ரூபாய்க்கும் மேல்!

எங்கே பிறந்தது, எந்தக் கிடங்கில் தூங்கியது, யார் கை மாறியது என்ற ஜாதகம் சரியாக இருந்தால்தான் அந்த விலை. ஜாதகத்தில் ஓட்டை விழுந்தால் அது வெறும் பழைய திராட்சை ரசம்.

ஜாதகமே இல்லாத பாக்கெட்

மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சி நகருக்கு வந்தால் கருணாபுரம். 2024 ஜூனில் இங்கும் சுற்றுப்பகுதிகளிலும் பாக்கெட் சாராயம் குடித்த 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளே இருந்தது மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் திரவம். உடலுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும், உயிரையும் எடுக்கும். பார்வைக்கும் வாசனைக்கும் சாதாரண சாராயம் போலவே இருப்பதுதான் இதில் பயங்கரம்.

கல்வராயன் மலைச் சாராயம் என்ற பழைய பேச்சால் அப்போதும் பலரின் பார்வை மலை மீதே திரும்பியது. ஆனால், அந்த மெத்தனால் வெளியிலிருந்து வந்தது. எங்கே கிளம்பியது, எத்தனை கை மாறியது என்பதைக் குடித்தவர்கள் யாரும் அறிந்திருக்க வழியில்லை. அதைத் தேடிய வழக்கை 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ-க்கு மாற்றியது.

இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் நிவாரணம் அறிவித்தது தமிழக அரசு. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் 5 லட்சம் ரூபாய் நிரந்தர வைப்பு. 18 வயது முடிந்ததும் வட்டியோடு எடுத்துக்கொள்ளலாம். லண்டன் கிடங்கில் ஒருவரின் பெட்டி முதிர்வுக்குக் காத்திருக்கிறது. இந்த ஊர் வங்கியில் ஒரு பிள்ளையின் ரசீதும் முதிர்வுக்குக் காத்திருக்கிறது. இரண்டுமே மதுவில் தொடங்கிய கணக்குகள்தான்.

மரத்துக்குக் கிடைத்த முகவரி

இந்த ஊருக்கு நல்ல முகவரியும் உண்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை மரத்தில் பிள்ளையாரும் மயிலும் கதவு வேலைப்பாடும் உளிக்குக் கீழே உருவாவதைப் பட்டறை வாசலில் நின்று பார்க்கலாம். போர்தோ என்ற பெயருக்குப் பிரெஞ்சுச் சட்டம் தரும் காவலைப் போல ஒன்றுதான் இதுவும். வேறு ஊரில் செய்ததைக் கள்ளக்குறிச்சி வேலை என்று விற்க முடியாது. கடுக்காய்க்கும் மலைத்தேனுக்கும் இப்படி ஒரு முகவரி கிடைத்தால், பறிக்கும் கைக்கும் நல்ல விலை போகும்.

சரி, ஒயின் வாங்கலாமா?

நம்மூர் நடுத்தரக் குடும்பத்துக்கு என் பதில்: வேண்டாம். காரணங்கள் இவை.

ஒயின் வட்டி தராது, டிவிடெண்ட் தராது. கிடங்கு வாடகை, காப்பீடு, தரகு என்று நம் கையிலிருந்துதான் போகும். இறக்குமதி வரி கடுமையானது என்பதால் இங்கே கொண்டுவந்து வைப்பது கட்டுப்படியாகாது. உரிமம் இல்லாமல் தமிழ்நாட்டில் விற்கவும் முடியாது. வெளிநாட்டிலேயே வாங்கி, அங்கேயே வைத்து, அங்கேயே விற்க வேண்டும். விலையும் எப்போதும் ஏறாது. 2022 இறுதியில் தொடங்கிய சரிவு இரண்டு வருடங்களுக்கு மேல் நீடித்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து போலி. மலிவான ஒயின்களைக் கலந்து பழைய லேபிள் ஒட்டி விற்ற ரூடி குர்னியவானுக்கு அமெரிக்காவில் 2014-ல் 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. கோடிகளில் புரளும் சேகரிப்பாளர்களே அவரிடம் ஏமாந்தார்கள். இல்லாத பாட்டில்களை அடமானம் காட்டி 9.9 கோடி டாலர் சுருட்டிய வழக்கும் உண்டு. பிரிட்டனில்கூட ஒயின் முதலீட்டை நிதி ஒழுங்குமுறை ஆணையம் கண்காணிப்பதில்லை. 'உறுதியான லாபம்' என்று போன் வந்தால், கிடங்கின் பெயரையும் பெட்டி உங்கள் பெயரில் இருப்பதற்கான ஆவணத்தையும் கேளுங்கள். பெரும்பாலும் மறுமுனை அமைதியாகிவிடும்.

கல்வராயன் மலைக்கு ஒருமுறை கண்டிப்பாகப் போய் வாருங்கள். வெள்ளிமலையில் தேனோ சாமையோ வாங்குங்கள். திரும்பும் வழியில், கள்ளக்குறிச்சியில் ஒரு சின்னப் பிள்ளையாராவது வாங்கி வாருங்கள். எந்த மரம், எந்தப் பட்டறை, யார் செதுக்கியது என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.