குரலுக்கு உரியவர்

தனிப்பாடல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழ் மாணவர் நினைவில் காளமேகமும் இரட்டைப் புலவரும் தோன்றுவது இயல்பு. மேலைநாட்டு இசை வணிகத்திலும் தனிப்பாடல் உண்டு. அதனைச் ‘சிங்கிள்’ என்பர். பத்துப் பன்னிரண்டு பாடல்கள் அடங்கிய தொகுப்பினின்று ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, இசைத்தட்டாகவோ ஒலிநாடாவாகவோ குறுந்தகடாகவோ குறைந்த விலைக்கு விற்பது அவ்வணிகத்தின் வழக்கமாக இருந்தது. எப்பாடல் முந்தியது, எப்பாடல் பிந்தியது என்பதை வாரந்தோறும் பட்டியலிட்டு வெளியிடுவர். 1990களில் அப்பட்டியல்களின் உச்சியை ஆடலுக்கென்றே ஆக்கப்பட்ட பாடல்கள் பலமுறை எட்டின.

அத்தகைய பாடல்களுக்குத் தமிழ்த்துறை மலரில் என்ன வேலை என்று பெரியவர்கள் வினவக்கூடும். அவ்விசையைப் பரிந்துரைப்பது என் நோக்கமன்று. அதன் விற்பனை வரலாற்றினுள்ளே ஓர் அறவினா ஒளிந்திருக்கிறது. அவ்வினா எழுத்தையும் சொல்லையும் தொழிலாகக் கொண்ட நம்மையும் தொடுவது.

பள்ளிப் பருவத்தில் இப்பாடல்கள் எனக்கு அறிமுகமாயின. துபாயில் பணியாற்றிய என் சாச்சா விடுமுறையில் வரும்பொழுது, கோடாலித் தைலத்தோடும் பால்மாவு டின்களோடும் நான்கைந்து ஒலிநாடாக்களும் பெட்டியில் வரும். வாப்பாவுக்கு அவை உவப்பானவை அல்ல; ஆதலால் அவர் கடைக்குச் சென்ற பிறகே வீட்டில் அவை ஒலிக்கும். ஆங்கிலச் சொற்கள் எனக்கு விளங்கவில்லை. ஆயினும் ஒரு பாடலில் எழுந்த பெண்குரல் கூரையைப் பிளப்பது போன்ற ஆற்றலுடையதாக இருந்தது. ஒலிநாடாப் பெட்டியின் உள்ளட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘சி பிளஸ் சி மியூசிக் ஃபாக்டரி’ என்னும் குழுவின் பெயர் இருந்தது. அக்குரலுக்குரிய பெண்மணியின் பெயர் அட்டையில் எங்கும் இல்லை. அந்த வெற்றிடத்தின் பின்னுள்ள வரலாற்றை விரிவுரையாளரான பின்னரே படித்தறிந்தேன்.

அப்பாடல் 1990இல் வெளிவந்த ‘கோனா மேக் யூ ஸ்வெட்’ என்பது. 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் ‘பில்போர்டு’ பட்டியலில் அது முதலிடம் பெற்றது. குரலுக்கு உரியவர் மார்த்தா வாஷ். 1982இல் ‘தி வெதர் கேர்ள்ஸ்’ என்னும் இணையில் ஒருவராகப் பாடிப் புகழ் பெற்றவர் அவர். ஆயின் பாடலின் காட்சிப்படத்தில் அவர் இல்லை. செல்மா டேவிஸ் என்னும் மெலிந்த இளம்பெண் அக்குரலுக்கு வாயசைத்தார். டேவிஸும் பாடகியே, அதே தொகுப்பின் வேறு பாடல்களை அவரே பாடியுள்ளார். எனவே அவர்மேல் பழிசுமத்துவது முறையன்று. தம் பருத்த உடலே தாம் மறைக்கப்பட்டமைக்குக் காரணம் என்று வாஷ் பின்னாளில் வெளிப்படையாகவே கூறினார். சந்தைக்கு அவருடைய குரல் வேண்டியிருந்தது. அவருடைய உருவம் வேண்டியிருக்கவில்லை.

இதே பெண்மணிக்கு இதே காலத்தில் மற்றோரிடத்திலும் இவ்வாறே நேர்ந்தது. ‘பிளாக் பாக்ஸ்’ என்னும் இத்தாலியக் குழுவின் பாடல்கள் பலவற்றை அவரே பாடினார். திரையில் வாயசைத்தவர் கேத்ரின் கினோல் என்னும் விளம்பர அழகி. வாஷ் நீதிமன்றத்தை நாடினார். ஒரு வழக்கின் உடன்பாட்டில் அவர் பெயரிலேயே பாடல்கள் வெளியிடும் ஒப்பந்தம் கிடைத்தது. 1994இல் ‘மியூசிக் ஃபாக்டரி’ குழு வெளியிட்ட புதிய பாடலில் அவர் பெயர் அட்டையில் இடம்பெற்றது. காட்சிப்படத்திலும் அவரே தோன்றினார். அவருடைய வழக்குகளுக்குப் பின்னரே, பாடியவர் பெயரை உரியவாறு குறிப்பிடும் வழக்கம் இசைத்தட்டு நிறுவனங்களிடையே வலுப்பெற்றது.

இம்மறைப்பு எவ்வாறு இயன்றது? ஆடலிசை மேடையில் பிறப்பதைவிட ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறப்பதே மிகுதி. தயாரிப்பாளர் இருவர் மூவர், ஒரு தாளக்கருவி, ஒரு கணினி ஆகியன போதும். பழைய இசைத்தட்டினின்று சில நொடிகளை வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் ‘சாம்ப்ளர்’ என்னும் கருவியும் 1980களின் இறுதியில் எளிதிற் கிட்டலாயிற்று. குரல் ஒரு மூலப்பொருள் ஆயிற்று. மறுபுறம், தொலைக்காட்சி இசை அலைவரிசைகளுக்கு முகம் தேவைப்பட்டது. குரலை ஓரிடத்திலும் முகத்தை வேறோரிடத்திலும் கொள்முதல் செய்வது வணிகருக்கு எளிதாயிற்று. ‘கொரோனா’ என்னும் பெயரில் 1993இல் வந்து ஐரோப்பா எங்கும் விற்ற ‘தி ரிதம் ஆஃப் தி நைட்’ பாடலிலும் திரையில் தோன்றியவர் ஓல்கா சோசா. பாடியவர் ஜென்னி பி. அந்த ஜென்னி பி 2000ஆம் ஆண்டில் சான்ரேமோ இசைவிழாவின் புதியோர் பிரிவில் தம் பெயரிலேயே வெற்றி பெற்றார்.

ஒரே குரல் இருவேறு விதமாக நடத்தப்பட்டமைக்கும் சான்று உண்டு. சிகாகோ நகரப் பாடகி லோலீட்டா ஹாலோவே 1980இல் ‘லவ் சென்சேஷன்’ என்னும் பாடலைப் பாடினார். அதனை வெட்டி ஒட்டி மேற்சொன்ன இத்தாலியக் குழு ஆக்கிய ‘ரைட் ஆன் டைம்’ 1989இல் பிரிட்டனில் மிகுதியாக விற்ற தனிப்பாடல் ஆயிற்று. ஹாலோவேயின் பெயர் அதில் இல்லை. ஈராண்டு கழித்து, 1991இல், மார்க்கி மார்க் குழுவினர் அதே பழம்பாடலை எடுத்தாண்டனர். அவர்கள் ஹாலோவேயின் பெயரைத் தம் பெயரோடு அச்சிட்டனர்; காட்சிப்படத்திலும் அவரைப் பாடவைத்தனர். அப்பாடலும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. உரியவர் பெயரைச் சொன்னதனால் விற்பனை குன்றிவிடவில்லை என்பதை இங்குக் கருதுக.

“நம் திரைப்படங்களிலும் ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கின்றாரே, அதில் என்ன குறை?” என்று மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டார். நல்ல வினா. பின்னணிப் பாடல் ஏமாற்று அன்று. ஏனெனில் அது ஒளிவுமறைவற்ற ஏற்பாடு. படத்தின் எழுத்துப் பகுதியில் பாடியோர் பெயர் உண்டு. வானொலி அறிவிப்பாளரும் பாடலோடு பாடியவர் பெயரையும் சொல்வார். அவ்வுரிமையும் தானாக வந்ததன்று. 1949இல் வெளிவந்த ‘மஹல்’ என்னும் இந்திப் படத்தின் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயர் முதலில் அச்சிடப்படவில்லை. படத்தின் கதைமாந்தரான ‘காமினி’யின் பெயரே பாடகியின் பெயராக இருந்தது. ஆக, முகமும் குரலும் வெவ்வேறாக இருத்தல் குற்றமன்று. குரலின் பெயரை மறைத்தலே குற்றம்.

அப்பத்தாண்டின் மாபெரும் வெற்றிகள் இரண்டை மட்டும் இங்குச் சுட்டுகிறேன். ஸ்பெயின் நாட்டவர் இருவர் ‘லோஸ் டெல் ரியோ’ என்னும் பெயரில் 1993இல் பாடிய ‘மாகரேனா’, மியாமி நகரத்தாரால் மாற்றியமைக்கப்பட்டு 1996இல் அமெரிக்காவில் 14 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அதில் இடையிடையே கேட்கும் பெண்ணின் சிரிப்பொலி, 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றில் ஆலிசன் மோயே என்னும் ஆங்கிலப் பாடகி சிரித்த சிரிப்பு. தாம் சிரித்த சிரிப்பும் தமக்குத் தொடர்பற்ற வேறொரு பாட்டில் உலகைச் சுற்றிவரும் காலம் அது. அடுத்தது, ஷெர் 1998இல் பாடிய ‘பிலீவ்’. பிரிட்டனில் மட்டும் 18 இலட்சத்திற்கு மேல் விற்ற அப்பாடலை இயற்றியோர் என ஆறு பேரின் பெயர்கள் முறையாகப் பதிவாகியுள்ளன. இயற்றியவரின் உரிமையைச் சட்டம் நெடுங்காலமாகவே காத்துவந்தது. பாடியவரோ தம் பெயருக்காகவே வழக்காட வேண்டியிருந்தது. இவ்வேறுபாடு சிந்திக்கத்தக்கது.

இது பழங்கதை அன்று. 2023இல் டிரேக், தி வீக்கெண்ட் ஆகிய பாடகர் இருவரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் போலிசெய்த பாடலொன்று இணையத்தில் பரவிப் பின்னர் நீக்கப்பட்டது. அன்று குரலை வைத்துக்கொண்டு முகத்தை மாற்றினர். இன்று மனிதரையே விலக்கிவிட்டுக் குரலை மட்டும் ஆக்க இயலுகிறது.

இவ்விடத்தில் நம் முன்னோர் செய்ததொன்றை நினைவுகூர்தல் தகும். குறுந்தொகையைத் தொகுத்தோர்க்குச் சில பாடல்களின் ஆசிரியர் பெயர் கிட்டவில்லை. அப்பாடல்களை உரியவரற்றவையாக விட்டுவிட அவர்க்கு மனம் வரவில்லை. பாடலிலுள்ள அழகிய தொடரையே எடுத்துச் ‘செம்புலப்பெயனீரார்’ என்று புலவர்க்குப் பெயர் சூட்டினர். பெயர் தெரியாதவிடத்தும் பெயரிட்டுப் போற்றிய மரபு நம்முடையது. பெயர் தெரிந்தும் மறைப்பது எத்துணைத் தாழ்வு!

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவி ஒருவர் களப்பணியில் முப்பது தாலாட்டுப் பாடல்களைத் திரட்டி வந்தார். தகவலாளி என்னுமிடத்தில் ‘மூதாட்டி, வயது 70’ என்று மட்டும் எழுதியிருந்தார். மீண்டும் சென்று பெயரைக் கேட்டு வருமாறு அனுப்பினேன். அம்மூதாட்டி முதலில் நாணி, “என் பேரு எதுக்கும்மா புத்தகத்துல?” என்றாராம். பின்னர்த் தம் பெயரைச் சொல்லி, “எங்க உம்மா பேரையும் எழுதிக்க. அவுக பாடித்தான் எனக்குத் தெரியும்” என்றாராம். ஆய்வேட்டில் இரு பெயர்களும் உள்ளன. எழுத்தறியாத அப்பெண்மணிக்கு இருந்த நேர்மை பெரிய நிறுவனங்களுக்கு வழக்கின் பின்னரே வந்தது.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் ஆய்வேடு எழுதுவீர்கள், மேடையில் பேசுவீர்கள், படம் எடுப்பீர்கள், கணினியில் பிறர் ஆக்கங்களை வெட்டியும் ஒட்டியும் புதியன படைப்பீர்கள். எடுத்தாளுதல் இழுக்கன்று, கலை அவ்வாறே வளர்கிறது. எடுத்த இடத்தில் கொடுத்தவர் பெயரை எழுதுங்கள். அவர் வறியவராயினும், நம் கண்ணுக்கு அழகற்றவராயினும், எங்கோ அயல்நாட்டில் வாழ்பவராயினும் எழுதுங்கள். மார்த்தா வாஷ் வழக்காடிப் பெற்றதை நீங்கள் கேளாமலே வழங்கலாம்.