மனுவின் மூன்றாம் பத்தி

திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை ஒரே வாசகத்தில்தான் முடியும்: 'கருணை கூர்ந்து ஆவன செய்யும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' பட்டாவுக்கும் அதுதான், முதியோர் உதவித்தொகைக்கும் அதுதான். திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் நான் எழுதிக்கொடுக்கும் மனுக்களில் அந்த வரி இருக்காது. சட்டம் தந்ததைக் கருணையாகக் கேட்டால், மறுக்கும் வசதியையும் நாமே எழுதிக்கொடுத்ததாகிவிடும்.

சட்ட உதவித் தன்னார்வலராக நான் செய்வது சின்ன வேலை. வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அடையாளச் சான்று, பெயர் மாற்றம், குடும்ப அட்டை ஆகியவற்றுக்கு மனுவும் பிரமாணப் பத்திரமும் எழுதித் தருகிறேன். இந்தச் சின்ன வேலை சரியாக நடக்காவிட்டால் டெல்லியில் வந்த பெரிய தீர்ப்பு திண்டுக்கல்லுக்கு வந்து சேராது.

அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று மனுவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 'பார்வை' என்ற இடத்தைப் பலர் காலியாக விட்டுவிடுவார்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். முதலில் உச்ச நீதிமன்றம், ரிட் மனு (சிவில்) 400/2012, தீர்ப்பு நாள் 15.04.2014. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த அந்த வழக்கில் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும், ஒருவருடைய பாலினத்தை அவரே தீர்மானிக்கலாம், அறுவை சிகிச்சையைக் கட்டாயப்படுத்துவது சட்டவிரோதம் என்று சொன்னார்கள். அடுத்தது 2019-ஆம் ஆண்டின் 40-ஆவது சட்டம், அதாவது திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டம். எண்ணும் தேதியும் பிழையில்லாமல் இருந்தால் மனுவை வாங்குகிறவர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்.

முதல் பத்தியில் மனுதாரர் யார் என்பது. இரண்டாம் பத்தியில் எவ்வளவு காலமாக, எங்கே வாழ்கிறார் என்பது. மூன்றாம் பத்திக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். 'இது என் சுய அடையாளம். பார்வை 1-இல் கண்ட தீர்ப்பின்படி இதற்கு அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்க முடியாது.' இரண்டே வாக்கியங்கள்.

"ஆபரேஷன் பேப்பர் கேப்பாங்களாக்கா?" என்று கேட்டாள் வேடசந்தூரிலிருந்து வந்த ஒருத்தி. கூட வந்த அவளுடைய ஜமாத் (திருநங்கையர் குழு) அம்மா, "எங்க காலத்துல டாக்டரு முன்னாடி நிக்க வச்சுத்தாண்டி கார்டு குடுத்தாங்க" என்றார். "கேட்டா மூணாவது பத்தியக் காட்டு. அதுக்கு மேல ஒரு வார்த்தை நீ சொல்ல வேண்டியதில்ல" என்றேன். அந்த அம்மா தாளை வாங்கி, அந்தப் பத்தியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

எதை எழுதக்கூடாது என்பதில்தான் இந்த வேலையின் நுட்பம் முழுவதும் இருக்கிறது. உடலைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. வீட்டை விட்டு வந்த கதையும் பட்ட அடியும் மனுவில் வேண்டாம். அவை இரக்கத்தை வரவழைக்கும், உத்தரவை வரவழைக்காது. பழைய பெயரைப் பிரமாணப் பத்திரத்தில் ஒரே இடத்தில், பள்ளிச் சான்றிதழோடு தொடர்பு காட்டுவதற்காக மட்டும் எழுதுவேன். மற்ற எல்லா இடத்திலும் அவர் வைத்துக்கொண்ட பெயர்தான்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் வரலாறு. 1871-இல் ஆங்கில அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பாகம், வட இந்திய மாகாணங்களில் ஹிஜ்ராக்கள் எனப்படும் திருநங்கையரின் பெயரையும் இருப்பிடத்தையும் பதிவேட்டில் ஏற்றியது. பதிவானவர் பெண் உடையில் பொது இடத்தில் தென்பட்டால் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். உயில் எழுதவோ, தானம் கொடுக்கவோ, தத்தெடுக்கவோ அவருக்கு உரிமையில்லை. நம் பக்கத்தில் அதே பெயர் கொண்ட சட்டம் கள்ளர் சமூகத்தினரின் கைரேகையைக் கேட்டதும், 1920-இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்ததும் மதுரைச் சீமை மறந்துவிடவில்லை. அந்தச் சட்டங்கள் போய்விட்டன. பதிவேடும் மாவட்ட நிர்வாகமும் இருக்கின்றன. 2019 சட்டமும் சான்று தரும் அதிகாரத்தை ஆட்சியரிடமே கொடுத்தது. ஆகவே அரசின் ஏட்டில் ஒருவரைப் பற்றி எவ்வளவு ஏறலாம் என்பதில் கவனம் வேண்டும்.

சுய அடையாளத்துக்கும் அரசின் ஏட்டுக்கும் இடையிலான இந்த இழுபறி ஆங்கிலேயர் ஆண்ட மற்ற நாடுகளிலும் உண்டு. இலங்கையில் 2016 சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கை பாலின அங்கீகாரச் சான்றுக்கு வழி திறந்தது, ஆனால் மருத்துவர் வழியாக. பாகிஸ்தானின் 2018 திருநர் சட்டம் சுய அடையாளத்தை ஏற்றது. 2023-இல் கூட்டாட்சி ஷரியத் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் முடியும் என்பதால் கிடைத்த உரிமையைப் புழக்கத்தில் வைத்திருப்பது அவசியம்.

சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பு ஒன்று எங்களுக்குப் பெரிய பலம். 2018 அக்டோபரில் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் அருண்குமாரும் திருநங்கை ஸ்ரீஜாவும் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவாளர் பதிய மறுத்தார். 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகளில் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்துப் பதிவு செய்ய உத்தரவிட்டார். அதே தீர்ப்பு இடைபாலினக் குழந்தைகளுக்குச் செய்யும் தேவையற்ற அறுவை சிகிச்சையையும் தடுக்கச் சொன்னது. அதே ஆண்டு தமிழக அரசு அந்த அறுவை சிகிச்சையைத் தடை செய்து ஆணை பிறப்பித்தது. அருண்குமார், ஸ்ரீஜா வழக்கு பதிவாளர் எழுத்தில் கொடுத்த மறுப்பின் மீது எழுந்தது. அதனால்தான் எங்களிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: வாய்மொழியாக 'முடியாது' என்றால் ஏற்காதீர்கள், மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஆட்சியர் அலுவலக வாசலிலும் தாலுகா அலுவலக மரத்தடியிலும் மனு எழுதுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. திருநம்பிகளில் பலர் இன்னும் அங்கே வரவே தயங்குகிறார்கள். அந்த இரண்டு 'பார்வை' வரிகளையும் மூன்றாம் பத்தியையும் மனு எழுதும் ஒவ்வொருவரும் கற்றுக்கொண்டால், வழக்கறிஞரைத் தேடி மதுரைக்குப் பஸ் ஏற வேண்டிய அவசியம் பாதிப் பேருக்கு இருக்காது. கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். யார் கேட்டாலும் உட்கார்ந்து சொல்லித்தர நான் தயார்.