குதிகால் நடை

வெளிநோயாளிப் பிரிவின் நடைவழி. பையனுக்கு ஏழு வயது இருக்கும். ஸ்டீராய்டில் கன்னம் உப்பியிருக்கிறது. முழங்காலை வேண்டியதைவிட உயரத் தூக்கி நடக்கிறான். பாதம் தொப்பென்று தரையில் விழுகிறது. இடது செருப்பு கழன்று பின்தங்குகிறது. அவனுக்குத் தெரியவில்லை. அம்மா எடுத்து மாட்டிவிடுகிறாள். பத்தடி தள்ளி மறுபடியும் கழல்கிறது. இம்முறை பைக்குள் போட்டுக்கொள்கிறாள்.

டாக்டர் அறை.

"குதிகாலால நட, பாக்கலாம்."

கைகளை விரித்துக்கொண்டு முயல்கிறான். முன்பாதம் தரையை விட்டு எழவில்லை. சின்னச் சுத்தியல் முழங்காலில் தட்டுகிறது. கால் லேசாக உதறுகிறது. குதிகாலுக்கு மேலே தட்டுகிறது, அசைவில்லை. இன்னொரு தட்டு. அசைவில்லை.

இசைக்கவையை அதிரவிட்டுக் கணுக்காலில் வைக்கிறார்.

"அதிருதா?"

"ம்."

அதிர்வைக் கையால் நிறுத்திவிட்டு வைக்கிறார். "இப்ப?"

பையன் டாக்டர் முகத்தைப் பார்க்கிறான். "ம்."

அம்மா ஜாடை காட்டுகிறாள்.

"நீங்க சொல்லித் தரக்கூடாதும்மா."

மாத்திரைப் பை மேசையில் கவிழ்கிறது. அட்டைகள் ஒவ்வொன்றாகப் புரள்கின்றன. ஒன்றில் விரல் நிற்கிறது. இட்ராகோனசோல்.

"இது யார் குடுத்தது?"

"வாயில வெள்ளையா படிஞ்சிருந்துச்சு சார். ஊர்ல காட்டுனோம்."

அவனுக்குப் போடும் புற்றுநோய் ஊசியான வின்கிரிஸ்டினைக் கல்லீரல் கழிக்கவிடாமல் தடுக்கும் மாத்திரை. தங்கிப்போன மருந்து நரம்பில் வேலை காட்டும்.

"இதும் நம்ம ஊசியும் சேரக்கூடாது." அட்டை இழுப்பறைக்குள் போகிறது. சீட்டில் 1.2 மி.கி. அடிபட்டு 0.6 ஆகிறது.

"பாதி போட்டா நோய் கேக்குமா சார்?"

"இந்த வாரம் மட்டும்தாம்மா."

பேனா அடுத்த வரிக்குப் போகிறது: பிசியோதெரபி.

ஊசி அறை. சிறிய மருந்துப் பை. மேலே எச்சரிக்கை: ரத்தக்குழாய் வழி மட்டும், வேறு வழியில் செலுத்தினால் உயிர் போகும். ஒரு நர்ஸ் வாசிக்கிறார். இன்னொருவர் பையனையே பெயர் சொல்லவைக்கிறார். முதுகு ஊசிக்கு வேறு நாள், வேறு அறை.

ஜன்னலுக்கு வெளியே மதிலோரம் நித்தியகல்யாணி பூத்திருக்கிறது. 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வின்கிரிஸ்டின் அந்தச் செடியிலிருந்து எடுத்ததுதான். ஒரு பாட்டி பூசைக்குப் பறித்துக்கொண்டிருக்கிறாள்.

சொட்டு இறங்குகிறது. பையன் நாலாவது இட்லி கேட்கிறான்.

"மோஷன் போனானா?" நர்ஸ் கேட்கிறார்.

"மூணு நாளாச்சு சிஸ்டர்."

வரிசைக் கட்டில்கள் திரும்பிப் பார்க்கின்றன.

"மெதுவா சொல்லும்மா," என்கிறான் பையன், வாய் நிறைய இட்லியோடு.