வழியும் விடையும்

ஒரு கணக்கிற்கு விடை கண்டமட்டில் வேலை முடிந்ததென்று கருதுவார் பலர். தமிழ் பயிலும் எமக்கு அங்ஙனம் தோன்றவில்லை. தொல்காப்பியச் சூத்திரங்கட்கு இளம்பூரணர் முதலியோர் உரை இல்லையாயின், எம்மனோர் வாயிலிலேயே நின்றிருப்போம். கணக்கில் விடை சூத்திரம் போன்றது. வழியே அதற்கு உரை.

சென்ற விடுமுறையிற் கோவையினின்று ஈரோடு சென்றிருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பிற் பயிலும் எம் சிற்றன்னையார் மகனுடன் கலப்பெண் கணக்குகளைச் செய்யலானோம். ஒன்றுடன் √−1-ஐக் கூட்டி, அத்தொகையை எட்டாம் படிக்கு உயர்த்துக என்பது ஒரு வினா. அவன் சிறிது நேரம் கண்ணை மூடியிருந்து, தாளில் 16 என்று மட்டும் எழுதினான்.

"படிகள் எங்கே, தம்பி?" என்றோம்.

"நம் ஊரிற் பிறந்த இராமாநுஜன் படிகளை எழுதினாரா, அண்ணா?" என்றான்.

நல்ல வினாவே. 1887-இல் ஈரோட்டிற் பிறந்த சீனிவாச இராமாநுஜன், தம் குறிப்பேடுகளிற் பெரும்பாலும் முடிபுகளையே வரைந்தார். ஆயினும் படிகளின்றி அவர் கணக்குச் செய்தாரல்லர். தாள் வாங்கப் பொருள் போதாமையாற் கற்பலகையிற் செய்து, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் ஏட்டிற் பதித்தார். 1920-இல் அவர் மறைந்தார். அக்குறிப்பேடுகளைப் பதிப்பிக்க ஆங்கில அறிஞர் இருவர் தொடங்கிய பணி முற்றுப்பெறவில்லை. பின்னர் அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் அம்முடிபுகளுக்கு வழிகாட்டி வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வெளிவந்தன. கற்பலகையில் அழிந்ததை மீட்கப் பிறர் பட்ட பாடு இத்துணை!

இதனைக் கேட்ட தம்பி மறுமொழி கூறாது எழுதத் தொடங்கினான். கொடுத்த தொகையின் வர்க்கம் 1 + 2√−1 − 1. ஒன்றும் ஒன்றும் ஒழிய எஞ்சுவது 2√−1. அதன் வர்க்கம் −4. அதன் வர்க்கம் 16. மூன்றே வரிகள்.

அருகிருந்த அவன் தங்கை பத்தாம் வகுப்பு மாணவி. வெறும் 16 அவளுக்கு யாதும் உணர்த்தவில்லை. √−1-இன் வர்க்கம் −1 என்பதை மட்டும் கேட்டறிந்து, அம்மூன்று வரிகளையும் படித்தாள். பின்பு ஒன்றினின்று √−1-ஐக் கழித்து, எட்டாம் படிவரை தானே சென்று, "இதற்கும் 16 தான், அண்ணா" என்றாள். தமையன் அவள் தாளை வாங்கி வரிவரியாகப் பார்த்தான். பிழை ஒன்றும் இல்லை.

விடை கண்டவனுக்கு உதவும். வழியோ கற்பார் அனைவர்க்கும் உதவும். மதிப்பெண் கருதி மட்டுமன்று, நமக்குப் பின்வருவாரும் ஏறுதற்பொருட்டே படிகளை எழுதுதல் வேண்டும்.