பதினைந்து மைக்ரோ விநாடி

டிஎஸ்18பி20 என்கிற வெப்ப உணரியோடு பேச ஒரே ஒரு கம்பிதான். கடிகாரத்துக்கென்று தனிக் கம்பி கிடையாது, அதனால் சேதி முழுக்க நேரத்தில்தான் இருக்கிறது. கம்பியின் மின்னழுத்தத்தை இறக்கி 15 மைக்ரோ விநாடிக்குள் விட்டுவிட்டால் அது ‘1’. 60 மைக்ரோ விநாடியாவது இறக்கியே வைத்திருந்தால் ‘0’.

கணினியின் யூஎஸ்பிக்கு இந்த நுணுக்கம் கைவராது. அது டவுன் பஸ் மாதிரி. ஃபுல் ஸ்பீடில் 1 மில்லி விநாடிதான் அதன் தாளம். ஆகவே நடுவில் ஒரு சிப் வைக்கிறோம். மூட்டையாக வரும் பிட்டுகளை வாங்கி, தன் கடிகாரப்படி ஒவ்வொன்றாகக் கம்பியில் விட வேண்டியது அதன் வேலை. இதற்கு பிட்-பேங் என்று பெயர். அந்தக் கடிகாரமே தடுமாறினால்? எஃப்டி232ஆர் சிப்பில் இந்த முறையில் துடிப்புகள் சீராக வராது என்பது துறையில் பலருக்கும் தெரிந்த கதை. கோளாறு சிலிக்கானில் இருப்பதால் டிரைவரை மாற்றியும் பயனில்லை. தனிக் கடிகாரக் கம்பி உள்ள எஸ்பிஐ மாதிரி இணைப்புகளுக்கு இது உறைக்காது. ஒற்றைக் கம்பிக்குத்தான் ஆபத்து.

ஆவாரம்பாளையம் பக்கம், பம்ப் மோட்டாருக்குக் கண்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு பட்டறையில் இதே வகைக் கோளாறைப் பார்த்தேன். சிப் வேறு கம்பெனியுடையது. டெஸ்டிங் மேசையில் ஓர் அக்கா. போர்டை ஜிக்கில் வைத்து, கிளிப் மாட்டி, பட்டனை அமுக்குவார். சில போர்டுகள் ஃபெயில் ஆகும். அதையே திரும்ப வைத்தால் பாஸ்.

“கிளிப்பைச் சரியா மாட்டறதில்லைங்க சார், வேறென்ன?” என்றார் சூப்பர்வைசர். ரெஜிஸ்டரில் அக்கா பெயருக்கு நேராகச் சிவப்பு மை. வாரக் கூலியிலும் பிடித்தம்.

“நான் எப்பவும் மாட்டற மாதிரிதானுங் தம்பி மாட்டறேன்” என்றார் அக்கா.

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு இப்படி ஒரு குணம் உண்டு. மெஷின் ஒரே மாதிரி ஓடும், மனுஷக் கைதான் மாறும் என்று நாம் முன்கூட்டியே முடிவு கட்டி வைத்திருக்கிறோம். அதனால் பழி நேராகக் கைக்குப் போய்விடுகிறது.

கிளிப்பை யாரும் தொடாதபடி ஒரே போர்டை மாட்டிவைத்து, லாஜிக் அனலைசரை இணைத்து, டெஸ்டை நூறு தடவை ஓட்டினேன். 8 மைக்ரோ விநாடியில் முடிய வேண்டிய துடிப்பு அவ்வப்போது 40 வரை நீண்டது. உணரி ‘1’ஐ ‘0’ என்று படித்தது. கட்டளை புரியாமல் பதில் சொல்லாமல் இருந்துவிட்டது. அந்த நூறிலும் அக்காவின் கை படவே இல்லை.

தீர்வு எளிது. நூத்திச் சொச்ச ரூபாய்க்கு ஒரு மைக்ரோகண்ட்ரோலரை ஜிக்கில் வைத்தோம். நேரத்தை அது பார்த்துக்கொள்ளும், யூஎஸ்பி சேதியை மட்டும் கொண்டுவரட்டும். அதன்பின் அந்த மாதிரி ஃபெயில் வரவில்லை.

பழைய சிவப்பு மை மட்டும் மிச்சம் இருந்தது. “அது போனது போகட்டுங்க சார்” என்றார் சூப்பர்வைசர். அலைவடிவத்தை பிரிண்ட் எடுத்து, நீண்ட துடிப்புகளை வட்டமிட்டு, முதலாளி மேசையில் வைத்தேன். பிடித்த காசு அடுத்த சனிக்கிழமைக் கவரில் சேர்ந்து வந்தது. அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டு அடுத்த போர்டை எடுத்தார்.