இசட் புள்ளி

நாரந்தனையிலிருந்து தங்கையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, மருத்துவத்துக்கு இசட் புள்ளி காணாது. மூன்றாந்தரமும் எழுதட்டோ?"

அதுவே கடைசித் தரம். அதற்குமேல் பல்கலைக்கழக அனுமதிக்குச் செல்லாது.

1970களின் தரப்படுத்தலில் இடமிழந்து, திண்ணையிலேயே கிடந்த பெரியண்ணரைக் கண்டு வளர்ந்தவன் நான். அன்று மொழி, பின்னர் மாவட்டம். 2001 முதல் இசட் புள்ளி. ஆயினும் மருத்துவத்தில் 40 வீதமே அகில இலங்கைத் திறமைக்கு; 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி. பண்ணைப் பாலத்துக்கு அப்பாலுள்ள எங்கள் பிள்ளைக்கும், நகரத்துத் தனியார் வகுப்புப் பிள்ளைக்கும் ஒரே யாழ்ப்பாண வெட்டுப்புள்ளி. இது எந்த வகை நியாயமோ!

நானே சுமாரான புள்ளிகளோடு கலைப்பீடம் புகுந்தவன். "விண்ணப்பத்தில மருத்துவத்தை மட்டும் போடாதை, பிள்ளை" என்றேன்.

பின்னால் தங்கையின் குரல் கேட்டது: "அவள் எழுதுவாள், அண்ணை."